குண்டு குண்டாய்ச் சாய்ந்த எழுத்து

கல்யாண வீட்டில் ‘அதை நான் பார்த்துக்கறேன்’ என்று முந்திக்கொண்டு வருகிறவனை முதலில் ஒரு ரூமில் வைத்துப் பூட்ட வேண்டும். 1991-இல் என் அக்கா அமுதாவின் கல்யாணத்தில் என்னை யாரும் பூட்டவில்லை.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னி. (கார் கதவுக்கு ரப்பர் ஒட்டுகிற வேலை. தெருவில் ‘இன்ஜினியர்’ என்று சொல்லி வைத்திருந்தேன்.) அங்கே வெளிநாட்டு அட்டைப்பெட்டி ஒன்றின் எழுத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். பூரி மாதிரி உப்பி, முனையெல்லாம் உருண்டு, பஸ் பிடிக்க ஓடுகிறவன்போல முன்னால் சாய்ந்து... அடடா! ரிசப்ஷன் மேடையில் பெயர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணு பேரு எதுக்கு? எம் புள்ள பேர மட்டும் பெருசா போட்டா போதாதா?” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டேய், ரெண்டு பேரும் ஒரே சைஸ்ல இருக்கணும்டா. எனக்கு வேற எதுவும் வேணாம்.” கண் கலங்கியிருந்தது.

தெர்மாகோல் வாங்கி, பிளேடால் அறுத்து, ஒரே சைஸில் வெட்டினேன். சிவப்பு வெல்வெட் துணியில் ஒட்டுவதற்கு, சூப்பர்வைசரிடம் கெஞ்சி ரப்பர் ஒட்டும் பசை ஒரு டப்பா வாங்கி வந்தேன். மாப்பிள்ளை வீட்டு மரியாதையாச்சே என்று ‘குணசேகரன்’ எழுத்துகளின் முதுகில் அள்ளி அள்ளிப் பூசியதில் டப்பா காலி. நம்ம அக்காதானே என்று ‘அமுதா’வுக்குச் சமையல்காரரிடம் மைதா கேட்டு, கூழ் காய்ச்சி ஒட்டினேன்.

அந்தப் பசை தெர்மாகோலைத் தின்னும் என்று யாருக்குத் தெரியும்? (டப்பாவிலேயே எழுதியிருந்ததாம். நான் எழுத்தின் அழகை மட்டும் பார்க்கிறவன்.)

மொய்க் கவரோடு வரிசை நகர நகர, ‘குணசேகரன்’ இளைக்க ஆரம்பித்தார். அவருடைய அம்மா மேடையேறி நிமிர்ந்தபோது, துணியில் வெள்ளைத் திட்டுகள்தான் மிச்சம். பக்கத்தில் ‘அமுதா’ கொழுகொழுவென்று சாய்ந்து நின்றாள்.

“அய்யய்யோ! எம் புள்ள பேரு எங்கடா? இன்னாடா பண்ணி வச்சிக்கீற?”

“இங்கதான் இருந்துச்சு அத்தை...” அதற்குமேல் நாக்கு ஒட்டிக்கொண்டது. (அதற்குப் பசையே தேவைப்படவில்லை.)

அப்பா செருப்பைத் தேடினார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. முகூர்த்தம் மறுநாள்தான், தாலி இன்னும் ஏறவில்லை. கல்யாணமே என்னால் நின்றுவிடுமோ என்று பயந்துபோனேன்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். பிறகு மாலை குலுங்கச் சிரித்தார்.

“வுடும்மா. ஆளே நிக்கறேன், பேரு எதுக்கு?”

சில வருஷம் கழித்து அக்காவும் மாமாவும் பென்னலூரில் வீடு கட்டியபோது, “மச்சான், பேர்ப்பலகை நீயே செய். அதே குண்டு எழுத்து, அதே சாய்வு. உங்க அக்கா பேரு மட்டும் போதும், எம் பேரு எப்படியும் நிக்காது” என்றார் மாமா. வாசலில் இன்றைக்கும் ‘அமுதா இல்லம்’தான்.

வருகிறவர்களுக்கெல்லாம் அத்தைதான் அதைக் காட்டுகிறார். “இது எங்க மருமவ பேரு. எம் புள்ள பேரா? அது கல்யாணத்துக்கு மொத நாளே கரைஞ்சி பூடுச்சி.”