லேசான வேலை பார்த்துக் கொடுப்பவர்

உலகத்தில் வேலை தேடுகிறவர்கள் ஒரு ரகம், வேலை கொடுக்கிறவர்கள் ஒரு ரகம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில், யாரும் கூப்பிடாமலே வந்து நின்றுகொண்டு, ‘இந்தப் பிள்ளைக்கு லேசாக ஒரு வேலை பார்த்துவிடலாம்’ என்று சொல்கிற மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்தில் அந்த ரகத்துக்குத் திருஞானசம்பந்தம் என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம்.

நெசவாளர் சங்கம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓரிக்கைப் பக்கம் இளைஞர்கள் தங்கி மனநல சிகிச்சை பெறும் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே அவர் ‘கௌரவ வேலைவாய்ப்பு ஆலோசகர்’. பட்டத்தை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் நெற்றி நிறைய விபூதியும் கை நிறைய மாதுளம்பழமுமாக வந்து இறங்குவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒவ்வொருவரையும் விசாரிப்பார். என்ன படித்தாய் என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டுவிட்டால் அப்புறம் யோசனை சொல்வது எப்படி? இன்ஜினீயரிங் படித்த விக்ரமுக்கு மெழுகுவத்தி செய்யும் தொழிலைச் சொன்னார். நர்சிங் முடித்த சுகாசினிக்குக் காகிதக் கவர் ஒட்டுவதைச் சொன்னார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: “டென்ஷன் இல்லாத வேலைப்பா.” உருகின மெழுகைக் கையில் ஊற்றிக்கொண்டு விக்ரம் பட்ட டென்ஷன் அவருக்குத் தெரியாது.

கெட்டவரா என்றால், இல்லவே இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவரென்றால் வாசலோடு அனுப்பிவிடலாம். இவர் அந்தப் பிள்ளைகளுக்காக நிஜமாகவே சாமியிடம் வேண்டிக்கொள்கிறவர்.

இப்படியிருக்க, அந்த இல்லத்தில் தங்கியிருந்த, தாமல் கிராமத்து அகிலா என்ற இருபத்துநாலு வயதுப் பெண் அவரைக் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டாள். ஜவுளி டிசைன் படித்து, முதல் வேலையில் சேர்ந்த ஐந்தாம் மாதமே நோய் வந்து, இரண்டு வருஷத்தை இழந்தவள் அவள். ஊரில் பெரிய பட்டுக்கடை ஒன்றில், கம்ப்யூட்டரில் புடவைக் கரை வரையும் வேலைக்குத் தானாகவே விண்ணப்பம் போட்டாள். அவள் கேட்டபடியே வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள். இல்லத்து ஊழியை அனு மூன்று வாரம் அவளோடு உட்கார்ந்து, என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்வது, நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று பழக்கினாள். வேலை கிடைத்தால் டவுனில் விடுதி எடுத்துத் தன் காலில் நிற்கலாம். கிடைக்காவிட்டால் தாமலுக்குத் திரும்பி, வருகிறவர் போகிறவரெல்லாம் பாவமாகப் பார்க்க வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். அகிலாவுக்கு நடுவில் வேறு வழி இல்லை.

சம்பந்தம் இதைக் கேள்விப்பட்டதும் முதலில் பார்த்தது காலண்டரை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். பகீரென்றது அவருக்கு. பாவம், பட்டதெல்லாம் போதாதா அந்தப் பெண்? கடைக்கு அவரே போன் போட்டு, ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்கிறவருக்கு அனுமதி எதற்கு?

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் காரோடு வந்து நின்றார். அதற்கு அரைமணி முன்னால்தான் அகிலா இட்லி தின்று, காலை மாத்திரை போட்டிருந்தாள். அதைப் போட்டால் பத்து மணி வரைக்கும் கண் சொருகும். பதினொன்று அவளே கேட்டு வாங்கிய நேரம். அனு எடுத்துச் சொன்னாள், தடுத்தும் பார்த்தாள். “நான் கூட இருக்கேன் இல்லம்மா, எல்லாம் நான் பேசிக்கிறேன்” என்று சம்பந்தம் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

பேசவும் செய்தார். கடையில் டிசைன் பகுதியைக் கவனிக்கும் ரேவதி, எந்த சாஃப்ட்வேர் தெரியும் என்று அகிலாவைக் கேட்டாள். எல்லாமே தெரியும் என்றார் சம்பந்தம். நடுவில் இரண்டு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டாள். வீட்டில் கொஞ்சம் சூழ்நிலை என்று, குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சிமிட்டி, நோய் என்று சொல்லாமலே அதைவிடப் பயங்கரமாக ஏதோ இருப்பதுபோல் தோன்றும்படி சொன்னார். அகிலா மூன்று வாரம் பழகிய பதிலுக்கு இடமே இல்லாமல் போயிற்று. கரை ஒன்று வரையச் சொல்லிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கை ஓடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தத்தின் மனசு இளகிவிட்டது.

“கஷ்டம்னா வேணாம்மா. கடையில புடவ மடிக்கிற வேல இருந்தா குடுங்க, அதுவே போதும் இதுக்கு.”

அகிலாவின் கை மவுஸை விட்டது. கோபத்தில் முகம் சிவந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

“மேடம், பொடவ மடிக்க நான் வரல. பதினொண்ணுக்குத்தான் வர்றேன்னு சொல்லியிருந்தேன், சார் மாத்திட்டாரு. மனசு சரியில்லாம ட்ரீட்மென்ட்ல இருக்கேன், அதான் ரெண்டு வருஷம் போயிடுச்சு. காலைல மாத்திர போட்டா பத்து மணி வரைக்கும் தூக்கமா இருக்குது. பதினொண்ணுக்குக் கேளுங்க, நானே சொல்றேன்.”

ரேவதி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சம்பந்தத்தைப் பார்த்து, “சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. பதினொண்ணுக்கே பாத்துக்கலாம்” என்றாள்.

வெளியே செருப்பு விடுமிடத்தில் பெஞ்ச் ஒன்று. இரண்டரை மணி நேரம் யாருக்கும் யோசனை சொல்லாமல் இருந்தால் மனுஷன் என்ன ஆவான்? வாட்ச்மேனின் மகனுக்கு லேசாக ஒரு வேலை சொன்னார். மகன் தாசில்தார் ஆபீசில் இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். சரியாக ராகு காலத்தில் உள்ளே அகிலா வரைந்துகொண்டிருந்தாள், கேட்டதற்கெல்லாம் தன் வாயாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு வெளியே வந்தபோது மூன்று மாதம் வேலையில் வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள், காலை பத்தரைக்கு வந்தால் போதும் என்றும்.

இல்லத்துக்குத் திரும்பியதும் சம்பந்தம் அனுவிடம் பெருமையாகச் சொன்னார்: “பாத்தியாமா, நாம கூடப் போனதால காரியம் முடிஞ்சுது.” அகிலாவுக்கு மறுத்துப் பேச நேரமில்லை. விடுதிக்கு எடுத்துப்போகத் துணிமணிகளை அடுக்க வேண்டியிருந்தது.

சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. ஆனால் ஒரு விஷயம். படித்துக்கொண்டு வரும்போதே, ‘இருந்தாலும் அந்தப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் வேலை கொஞ்சம் அதிகம்தான், இன்னும் லேசாக ஏதாவது பார்த்திருக்கலாம்’ என்று உங்கள் மனசில் ஓர் ஓரமாக ஓடவில்லையே? ஓடியிருந்தால், மாதுளம்பழம் வாங்க வேண்டியதுதான் பாக்கி.