எருமை முன்மொழிந்த சுதந்திரம்

ஒரு காட்டில் எல்லாம் இருந்தன, ராஜா மட்டும் இல்லை. ராஜாவே கிடையாதா என்று கேட்காதீர்கள், இருந்தார். அக்கரையில் இருந்தார். நடுவே அகலமான கழிமுகம். அந்தச் சிங்க மகாராஜா இந்தக் காட்டை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலேயே ஆள முடிகிறபோது எதற்கு அலைச்சல் என்று இருந்துவிட்டார்.

ராஜாவின் உத்தரவு இக்கரைக்கு வருவதும், இக்கரையின் மனு ராஜாவுக்குப் போவதும் ஆவுடையப்பன் என்ற ஆமையின் முதுகில்தான். போக மூன்று மாதம், வர மூன்று மாதம். அதனால் ராஜா சொல்வது ஒன்றும் இவர்கள் கேட்டது ஒன்றுமாகவே எப்போதும் இருக்கும். இருந்தாலும் காடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காட்டில் நல்லமுத்து என்று ஓர் எருமை. அதற்குச் சொந்தமாக ஒரு சேற்றுக்குட்டை. பத்து மணிக்கு இறங்கினால் நாலு மணிக்கு எழும். அது சோம்பல் இல்லை. எருமைத் தோல் வெயில் தாங்காது. ஒரு நாள் சேறு இல்லாவிட்டால் அரிப்பு, இரண்டு நாள் என்றால் வெடிப்பு, மூன்றாம் நாள் வெடிப்பில் ஈ முட்டையிடும். எனவே நல்லமுத்துவுக்கு உலகத்தில் வேண்டியது அந்தக் குட்டை ஒன்றுதான்.

ஒரு சமயம் கழுதைப்புலிகள் காட்டைப் பிடிக்க வந்தன. ராஜா படை அனுப்பி விரட்டினார். விரட்டிய செலவில் கஜானா காலி. "யாருக்காகச் செலவழித்தேனோ அவர்களே கட்டட்டும்" என்று உத்தரவு போட்டார். ஊளைக்கு வரி. நிழலுக்கு வரி. வால் ஆட்டினால் வரி. சேற்றில் புரண்டால் வரி. எல்லாவற்றையும் புல்லாகவோ பழமாகவோ கட்டலாம்.

வசூலிக்க ஒரு முள்ளம்பன்றி வந்து கவுண்டர் திறந்தது. ரசீது எழுதப் பேனா தேட வேண்டியதில்லை, முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். கவுண்டருக்கு முன்னால் நீண்ட வரிசை. நிழல் வரிப் படிவத்தில் 'காலை நிழலின் நீளம், மாலை நிழலின் நீளம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம்' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. ஒட்டகச்சிவிங்கி ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கே ஓட்டாண்டியாகியிருக்கும். நல்லவேளையாக அந்தக் காட்டில் இல்லை.

நரிகளுக்குப் பொறுக்கவில்லை. ஊளைக்கே வரி என்றால் நரி என்ன செய்யும்? இருளாண்டி என்ற நரி மருதமரத்தடியில் மகாசபை கூட்டியது. எல்லா மிருகங்களும் வரலாம், யாரும் பேசலாம். தீர்மானத்தை ஏற்கிறவர்கள் ஊளையிட வேண்டும். இந்த முறையை நரிகள்தான் வகுத்தன. அதில் இருந்த கோளாறு அவற்றுக்கே தெரியவில்லை. நரி ஜாதியில் ஒன்று ஊளையிட்டால் மற்றவை ஏன் என்று கேட்காது, சேர்ந்து ஊளையிடும். அது பிறவிக் குணம். ஆகவே மகாசபையில் எந்தத் தீர்மானமும் தோற்றதே இல்லை. 'நரிகளுக்கு நாள்தோறும் மாம்பழம்' என்ற தீர்மானமும், 'மாம்பழத்தை ஒழிப்போம்' என்ற தீர்மானமும் ஒரே நாளில் ஏகமனதாக நிறைவேறியிருக்கின்றன.

"ராஜா சபையில நம்ம ஆளு ஒருத்தர்கூடக் கிடையாது. நம்மளக் கேக்காம நமக்கு எப்படி வரி போடலாம்?" என்றது இருளாண்டி.

"ஆளு அனுப்பினா சிங்கம் சாப்பிட்டுடுமே தம்பி" என்றது நல்லமுத்து.

"அண்ணே, இது கொள்கை. சாப்பாட்டப் பத்திப் பேசக்கூடாது."

மனு எழுதினார்கள். ஆவுடையப்பன் எடுத்துப் போனது. ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. மகாராஜா பெரிய மனது பண்ணி எல்லா வரியையும் ரத்து செய்துவிட்டார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் தாம் ராஜா என்பது எப்படித் தெரியும் என்று அவருக்குக் கவலை. அந்த ஒன்று, சேற்று வரி. மாதம் ஒரு கட்டுக் கோரைப்புல்.

காட்டில் சேற்றில் புரள்வது நல்லமுத்து மட்டும்தான். அது மாதப் பிறப்பன்று ஒரு கட்டுப் புல்லைக் கவுண்டரில் போட்டுவிட்டு, ரசீதை வாங்கித் தின்றுவிட்டு, குட்டைக்குப் போய்விடும். புல் வேண்டிய மட்டும் கிடந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

கோபம் வந்தது நரிகளுக்குத்தான். சேற்றைக் கண்டாலே காலைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடக்கிற நரிகள், சேற்று வரி என்ற சொல்லைக் கேட்டதும் வாயில் நுரை தள்ளின.

"உங்க முதுகுல வரி விழுந்தா அது எங்க முதுகுல விழுந்த மாதிரி அண்ணே."

"என் முதுகு நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு வலிக்கலைங்கிறதுதான் எங்களுக்கு வலிக்குது" என்று இருளாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டது. உண்மையாகவே அழுதது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மறுபடி மகாசபை கூடியது. உச்சி வெயில். நல்லமுத்து தன் குளியலை விட்டுவிட்டு வந்திருந்ததால் தோல் பற்றி எரிந்தது. முன்வரிசையில் ஒரு கிழ நரி வாலை நீட்டிப்போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"இனி இரண்டே வழிதான்" என்றது இருளாண்டி. "ஒண்ணு, இப்படியே வரி கட்டிக்கிட்டு அடிமையா இருக்கிறது. இல்லைன்னா, ராஜாவே வேணாம்னு எழுதி அனுப்பிடறது. யாராவது ஒருத்தர் முன்மொழியணும்."

ஒரு மிருகமும் வாய் திறக்கவில்லை. ராஜா வேண்டாம் என்று எழுதுவது விளையாட்டில்லை என்று நரிகளுக்கும் தெரியும்.

விஷயத்தை முடித்துவிட்டுச் சீக்கிரம் குட்டைக்குப் போகலாம் என்று நல்லமுத்து எழுந்தது. "எதுக்கு வம்பு, அந்த வரிய எல்லாருக்கும் சேர்த்து நானே கட்டிடறேன்" என்று சொல்வதாக இருந்தது. சொல்வதற்கு ஓர் அடி முன்னால் வைத்தது. அந்த அடி கிழ நரியின் வால் மேல் விழுந்தது.

கிழ நரி ஊளையிட்டது. அப்படி ஓர் ஊளையை அந்தக் காடு கேட்டதில்லை. பக்கத்து நரி சேர்ந்துகொண்டது. அதற்குப் பக்கத்து நரியும் சேர்ந்தது. நொடியில் நாற்பது நரிகள் வானத்தைப் பார்த்து ஊளையிட்டன. நல்லமுத்து வாயைத் திறந்து திறந்து மூடியது, ஒன்றும் கேட்கவில்லை. சபை எழுத்தரான அணில் பனையோலையில் எழுதியது: 'சுதந்திரத் தீர்மானம். முன்மொழிந்தவர் திரு. நல்லமுத்து. ஏகமனதாக நிறைவேறியது. உறுப்பினர்கள் உணர்ச்சிவசப்பட்டனர்.'

ஓலை ஆவுடையப்பன் முதுகில் ஏறியது. ஊளை அடங்கியதும் நல்லமுத்து ஓடிப்போய்ப் பார்த்தது. ஆமை பத்தடி போயிருந்தது.

"ஐயா, அந்த ஓலையக் குடுங்க. தப்பா எழுதிட்டாங்க."

"பதிவுத் தபாலுங்க. ஏத்தினதத் திருப்பிக் குடுக்கிறதுக்கு விதி கிடையாது" என்று சொல்லிவிட்டு ஆமை பதினோராவது அடியை எடுத்து வைத்தது. அது தண்ணீருக்குள் இறங்குகிற வரையில், அதாவது அன்று மாலை வரை, நல்லமுத்து கூடவே நடந்து கெஞ்சியது. விதி விதிதான்.

ஆறு மாதம் கழித்து ராஜாவின் சிறுத்தைப் படை கரையிறங்கியது. போர் ஏழு வருடம் நடந்தது. சுதந்திரத்தை முன்மொழிந்தவர் என்பதால் நல்லமுத்துவைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். நரிகள் பின்னால் நின்று உற்சாகப்படுத்தின. நல்லமுத்துவுக்குச் சேறு எட்டாத ஏழு கோடைகள். தோல் முழுக்க வெடிப்பு, வெடிப்பு முழுக்க ஈ. ஈயை விரட்ட அது தலையை உதறிக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடும். எதிரே இருந்த சிறுத்தைகள் அதை ஆவேசம் என்று நினைத்துச் சிதறும். நரிகள் கழிமுகத்து முதலைகளையும் உதவிக்கு அழைத்தன. கடைசியில் சிறுத்தைகள் சாப்பாடு அனுப்பச் சொல்லி ராஜாவுக்கு ஆமையிடம் கடிதம் கொடுத்தன. ஆறு மாதம் பட்டினி கிடந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தன.

காடு சுதந்திரம் அடைந்தது. நல்லமுத்துவுக்குக் காட்டின் தந்தை என்று பட்டம் கொடுத்தார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. அது மாலையோடு நேரே குட்டைக்கு ஓடியது.

குட்டையைச் சுற்றி மூங்கில் வேலி. வாசலில் அதே முள்ளம்பன்றி, அதே கவுண்டர். பலகை மட்டும் புதிது.

"நீங்க ராஜா ஆளாச்சே?" என்றது நல்லமுத்து.

"உத்தியோகத்துக்கு ராஜா ஏதுங்க" என்றது முள்ளம்பன்றி. "முதலைங்களுக்குப் போர்க்கடன் அடைக்கணும். அதனால ஊளை வரி, நிழல் வரி, வால் வரி, எல்லாம் மறுபடி வந்தாச்சு. இப்ப ரெண்டு மடங்கு. நம்ம வரிங்கிறதால யாரும் முணுமுணுக்கிறதில்ல."

"சேத்து வரி?"

"அது மட்டும் கிடையாது. அந்த வரிய எதிர்த்துத்தானே போராடினோம். இந்தக் குட்டை இப்ப நினைவுச்சின்னம், தலைவர் புரண்ட இடம். யாரும் இறங்கக் கூடாது."

"தலைவர் நான்தானே?"

"ஆமாங்க."

"நான் இறங்கலாமில்ல?"

"மனு போடுங்க. தலைவர் அனுமதிச்சா விடறோம்."

நல்லமுத்து மனு எழுதியது. அதை வாங்கித் தானே படித்தது. படித்ததும் அதற்கே மனம் இளகிவிட்டது. கையெழுத்துப் போடப் போகும்போது முள்ளம்பன்றி தடுத்தது. "சொந்த விஷயத்துல தலைவர் கையெழுத்துப் போடக் கூடாதுங்க. மகாசபைதான் விதிய மாத்தி எழுதணும். சபை மூணு வருசம் லீவு."

நல்லமுத்து வேலிக்கு வெளியே வெயிலில் இரண்டு நாள் நின்றது. உள்ளே சேறு பொங்கி மினுமினுத்தது. பார்வையாளர்கள் வரிசையில் வந்து சேற்றைக் கும்பிட்டார்கள், பிறகு எருமையைக் கும்பிட்டார்கள், ஈ மொய்க்கிறதே என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அது கழிமுகத்தில் இறங்கி நீந்தியது.

அக்கரை அரை நாள் தூரம்தான் இருந்தது. மூன்று மாதம் ஆமை வழியில் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

சிங்க மகாராஜா வயதாகித் தனியாகப் படுத்திருந்தார். எருமையைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். "நீதானே அந்த நல்லமுத்து? என்ன தைரியத்துல இங்க வந்தே?"

"மகாராஜா, ஒரு கட்டுக் கோரைப்புல் கொண்டாந்திருக்கேன். எங்கியாச்சும் ஒரு குட்டையக் காட்டுங்க."

ராஜா புல்லைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார், மறுபடி புல்லைப் பார்த்தார். ஏழு வருடப் போரில் படை போயிற்று, கஜானா போயிற்று. இந்த ஒரு கட்டுப் புல்லுக்காகத்தான் எல்லாம் போயிற்று. பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் யோசித்தார். இந்த எருமையைச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த மாதம் யார் வரி கட்டுவார்கள்?

"அந்தப் புளியமரத்துக்குப் பின்னால இருக்கு, போ" என்றார்.

நல்லமுத்து போய் இறங்கியது. கழுத்துவரை சேறு. கண்ணை மூடிக்கொண்டது. அங்கே இன்றும் ஒவ்வொரு மாதப் பிறப்பும் தவறாமல் வரி கட்டுகிறது. இங்கே அதன் நினைவு நாளில் நாற்பது நரிகள் ஊளையிடுகின்றன, ஊளை ஒன்றுக்கு இரண்டு பழம் வீதம் கட்டிவிட்டு.

நீதி: நாட்டுக்குத் தந்தையாக இருப்பதைவிட, எதிரி நாட்டில் ஒழுங்காக வரி கட்டும் எருமையாக இருப்பது தோலுக்கு நல்லது.