குறிப்புப் பெட்டிக்குத் தலைப்பு சூட்டிய வரலாறு

எனக்கு இடுப்பு வலி. இருபது வருடம் இரும்புத் தகடு தூக்கியபோது வராதது, ஒன்பது வாரம் கூட்ட அறை நாற்காலியில் உட்கார்ந்ததில் வந்தது. வரலாற்றுக்காக வலிக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனிதகுலத்தின் மூன்றாவது சாதனை ஒஹாயோவில், தகடு அழுத்தும் எந்திரம் செய்யும் எங்கள் கம்பெனியில்தான் நிகழ்ந்தது.

பட்டறையிலிருந்து கையேடு எழுதும் வேலைக்கு மாறியவன் நான்; எந்திரக் கையேட்டை வெறும் எழுத்தாக ஒருமுறை எழுதிவிடுவேன். ஒரு புரோகிராம் அதை இணையப் பக்கம், போன் திரை, அச்சுத் தாள் என்று மூன்றாக மாற்றித் தரும். அப்படி மாற்றும்போது, 'கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்ற பெட்டி தலைப்பில்லாமல் மற்றப் பத்திகளோடு கலந்துவிடுகிறது என்று பட்டறை மேஸ்திரி டெல்பர்ட் புகார் எழுதினான். உடனே 'உயர்மட்டத் தலைப்புக் குழு' உதயமானது.

"'ஆபத்து'ன்னு போட்டா வாங்குறவங்க பயந்துடுவாங்க," என்றார் விற்பனைத் தலைவி மெரிடித்.

"பயப்படத்தானே மேடம் போடுறோம்?" என்றேன்.

"வெண்டல், நீங்க இன்னும் பட்டறையை விட்டு வெளிய வரல."

ஆறாம் வாரம் 'அன்புடன் கவனிக்க' வென்றது. நிறத்துக்கு மேலும் மூன்று வாரம். இளஞ்சிவப்பில் 'அக்கறை' தெரிகிறதாம்.

வெளியீட்டு விழாவுக்குப் போகும் வழியில் டெல்பர்ட் மறித்தான்.

"தலைப்பு அச்சுத் தாள்ல வந்துடுச்சாடா? ரோண்டா இன்னிக்குத்தான் சேர்ந்திருக்கா. அம்பது வயசு, அவளுக்கு இது புது எந்திரம். உள்ள போன் கொண்டுவர விடமாட்டாங்க. எந்திரத்துல சங்கிலியில தொங்குற தாளைத்தான் படிக்கணும்."

"கேட்டுட்டு வர்றேன்."

விழாவில் மெரிடித்திடம் கேட்டேன். இணையத்தில் தலைப்பு ஜொலித்தது, போனில் மின்னியது.

"அச்சுல?"

"நாமதான் காகிதமில்லா ஆபீஸ் ஆச்சே," என்று மெரிடித் சிரித்தார். "அதை யாரு பாக்குறா? இரண்டாம் கட்டத்துல வெச்சுக்கலாம். கேக் எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டேன். வாயில் கேக் இருக்கும்போது பேசுவது நாகரிகமில்லை.

வியாழக்கிழமை எந்திரத்தில் தகடு சிக்கியது. ரோண்டா தாளைப் படித்தாள். எல்லாப் பத்திகளும் ஒரே மாதிரி இருந்தன. மின்சாரத்தை நிறுத்தாமலே சிக்கிய தகட்டைக் கையால் இழுத்தாள்.

குழு அவசரமாகக் கூடி, ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிப்பு அட்டை ஒன்றைத் தயாரித்தது. அதை நானே அச்சடித்தேன். தலைப்பு அருமையாக விழுந்திருந்தது, இளஞ்சிவப்பில்.

ரோண்டாவுக்கு நாங்கள் தர வேண்டியது அட்டை அல்ல. வலது கையில் இரண்டு விரல். அதில் ஒன்று என் கணக்கு.