கோர்ஸை முடிக்க வைத்த தாய்

மருந்தைப் பாதியில் நிறுத்துவது என் சட்டப்படி குற்றம். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விட்டால் கிருமி திரும்பி வரும் என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னதை, எல்லா மாத்திரைகளுக்கும் பொதுவிதியாக்கி மும்பை மாதுங்காவில் ஒரு குடும்பத்தையே ஆண்டு வந்தேன். (சத்து மாத்திரைக்குக்கூட "கோர்ஸ் முடிஞ்சுதா?" என்று கேட்பேன். படித்தவள் இல்லையா!)

என் பையன் கார்த்திக் மழையில் தாதர் மேம்பாலப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். ஆபரேஷன், பிளேட், வாக்கர். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கடுமையான வலி மாத்திரை ஒன்றை எழுதினார். அபின் குடும்பத்து ஓபியாய்டு வகை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. "வலிச்சா கொடுங்கோ" என்றார். என்னிடம் சொன்னாரா, கையிலிருந்த போனிடம் சொன்னாரா, தெரியாது. எப்போது நிறுத்த வேண்டும் என்று போனிடமும் சொல்லவில்லை.

நான் அலாரம் வைத்துக் கொடுத்தேன்.

"வலி இல்லம்மா."

"வலி வரட்டும்னு காத்துண்டிருப்பாளா யாராவது? கோர்ஸை முடிடா."

அட்டை தீர்ந்தால் மருந்துக் கடைக்குப் பழைய சீட்டின் போட்டோவை அனுப்புவேன். அரை மணியில் மாத்திரை வாசலில் நிற்கும். விருந்தாளி வந்தால் பெயர், நம்பர், போட்டோ எல்லாம் கேட்கிற எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாட்ச்மேன்கூட அந்தப் பையை மறித்ததில்லை. கடைக்காரரும் "போதுமே ஆன்ட்டி" என்று ஒரு தடவை சொன்னதில்லை.

பையன் தோசையைப் பிய்த்தபடியே தூங்கினான். மூக்கைச் சொறிந்தான். வயிறு வேலைநிறுத்தம் செய்தது. தாதர் மார்க்கெட்டின் பப்பாளி, கொய்யா அத்தனையும் அவனுக்குள் போயின. ஒன்றும் வெளியே வர மறுத்தது. எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது, மாத்திரையைத் தவிர.

கால் தேறியது. கோர்ஸ் முடிந்ததென்று நானே தீர்ப்பளித்து, ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாளே ஆரம்பித்தது. ஓயாத கொட்டாவி. குழாய் மாதிரி மூக்கு. வியர்வை. படுத்தால் கால் துடிப்பு. காபி ஆறியிருந்ததற்குக் கண்ணீர்.

"டெங்குவா இருக்குமோடி?" என்றார் என் கணவர்.

"டெங்குக்கு யாராவது இப்படி அழுவாளா? இது வேற."

எனக்குப் புரிந்துவிட்டது. காதல்! ஆபீஸ் தோழி பிரியங்கா பூங்கொத்தோடு பார்க்க வந்தாளே, அவள்தான். போனைப் போட்டேன். ஸ்பீக்கரில். என் கணவர் சாட்சி.

"ஏம்மா பிரியங்கா, என் பையன் சாப்பிட மாட்டேங்கறான், அழறான். அவன்ட்ட என்ன சொன்னே?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். பின்னால் டோலக் சத்தம், பெண்களின் சிரிப்பு.

"ஆன்ட்டி, இன்னைக்கு எனக்கு ஹல்தி. நாளைக்குக் கல்யாணம்."

(மஞ்சள் பூசிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் மனிதர்கள் என்ன சொல்ல வேண்டும்? வாழ்த்து. நான் என்ன சொன்னேன்?) "அதான் என் பிள்ளை இப்படி ஆயிட்டானா! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

டோலக் நின்றது. கார்த்திக் வாக்கரோடு பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினான். "அம்மா! அந்தக் கல்யாணத்துக்கு ஹால் பிடிச்சுக் கொடுத்ததே நான்தாம்மா!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. கால் வலிகூட இல்லம்மா. ஆனா அந்த மாத்திரை வேணும்னு இருக்கு. ஏன்னு தெரியல. பயமா இருக்கு."

என் வாய் அடைத்துப்போனது.

டாக்டர் அறையில் அது திறந்துகொண்டது. "யார் உங்களை இவ்வளவு நாள் கொடுக்கச் சொன்னா?" என்றார் அவர்.

"நிறுத்தணும்னு நீங்க எப்போ சொன்னேள்?"

இந்த மாத்திரையைத் தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும், சிலருக்கு அது ஏக்கமாகவே மாறும், திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று மணியாக விளக்கினார். இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அன்று என்ன வந்தது? எல்லாம் தெரிந்தவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விற்றவர் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாத நான் அலாரம் வைத்தேன். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்வரை கத்தினேன். என் கணவர் பக்கத்துச் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை முதல்முறையாக ஆழ்ந்து படித்தார்.

டாக்டர் அளவைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார். கார்த்திக் மெதுவாக மீண்டான். என் கோபம் மட்டும் இன்னும் குறையவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொட்டாவி விடுகிறவர் காரணம் சொல்லிவிட்டுத்தான் விட வேண்டும். போன வாரம் பிரியங்கா புருஷனோடு வந்தாள். பேச்சு நடுவே சட்டென்று கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, வெறும் தூக்கம்தான்" என்று அறிவித்துவிட்டு நிதானமாகக் கொட்டாவி விட்டாள். கார்த்திக்கின் பயிற்சி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கார்த்திக்கின் மூக்கு ஒழுகுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.