ஊதா மூலைப் பெரும்போர்

வாழ்க, மூலை பிடித்த முதல்வர்! எழுபத்தோர் இளவேனில் கண்டவரும், பெருஜா நகரத்துச் சாக்லேட் ஆலையில் முப்பத்தைந்தாண்டு பெட்டி அடுக்கி ஓய்வுற்றவரும், தைலமணம் கமழும் முழங்கால் இரண்டு உடையவருமாகிய, போன்தே சான் ஜொவான்னி ஊர் ஒத்தோரினோ பிஸ்தோனி வாழ்க! அவர் கைப்பட்டுக் கசங்கிய சமாதானக் கொடியின் ஊதா மூலை அவரினும் நீடூழி வாழ்க!

அக்கொடியின் பெருமை கேளீர். உலகை மூழ்கடித்த ஊழிவெள்ளம் வடிந்த அன்று, இனி இந்த வேலை வேண்டாம் என்று ஆண்டவரே தம் வில்லை மேகத்தில் மாட்டிவைத்தாரே, அந்த வில்லின் ஏழு நிறமும் இதன் நிறம். முன்னாளில் சமாதானத்துக்கு வெள்ளைத் துணிதான் கொடி. தோற்றவனும் அதையே தூக்கியதால், சமாதானம் என்றாலே தோற்றவன் பேச்சு என்று உலகம் ஏளனம் செய்தது. ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டு, பெருஜாவிலிருந்து அஸ்ஸீஸிக்கு முதல் சமாதான நடை கிளம்பிய வேளையில், எங்கள் பக்கத்துப் பெண்கள் கிடைத்த வண்ணத் துணிகளை அவசரமாகத் தைத்துக் கொடுத்தார்கள் என்பார்கள். ஊதா மேலே, சிவப்பு கீழே, நடுவில் வெள்ளை எழுத்தில் 'சமாதானம்'. அன்று தொட்டு அதன் நிழலில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர்க்குழுவின் கொடியோ இருபது மீட்டர் நீளம். கம்பத்தில் ஏறாது, பந்தல் துணியைப்போல் படுக்கையாகப் பிடித்து முப்பது பேர் சுமக்க வேண்டும். முப்பது பிடியிலும் முதற்பிடி, முன்வரிசையின் இடப்புறத்து ஊதா மூலை. அஸ்ஸீஸி மலைச்சாலைத் திருப்பத்தில் நிற்கும் நாளிதழ்ப் படக்காரரின் கண் அந்த மூலையில்தான் முதலில் விழும்.

அது ஒத்தோரினோவுக்கு ஏன் உயிர் என்று கேட்பீராயின், சொல்கிறேன். ஆறாண்டுக்குமுன் அவருடைய ஒரே மகன் ஃபப்ரீஸியோ, ப்ரெஷியாவில் துப்பாக்கிக் குழல் செய்யும் ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். "இது சமாதானம் குடியிருக்கிற வீடு! துப்பாக்கிக்காரனோட எனக்குப் பேச்சே கிடையாது!" என்று முழங்கி, தொலைபேசியை அறைந்து வைத்து, சமாதானத்தின் பொருட்டுப் பெற்ற பிள்ளைமேல் போர் தொடுத்தார் நம் பெருமான். மகன் மட்டும் ஆண்டுக்கொருமுறை, நடைக்கு மறுநாள், நாளிதழில் அப்பாவின் முகம் கண்டு அழைப்பான். "படம் பார்த்தேன்பா. நல்லாத்தான் இருக்கீங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவான். அந்த ஒரு வரிக்காக ஆண்டு முழுதும் காத்துக் கிடப்பார். தாமாக ஒருநாளும் அழைக்கமாட்டார். வீறாப்பு!

இவ்வாண்டு நடை தொடங்கும் தோட்டத்தில் கொடி விரிந்த கணமே வந்தாள் அர்மீதா! நாற்பதாண்டு பன்றியிறைச்சி வெட்டி உரமேறிய உலக்கைத் தோளினாள், கத்தி தீட்டும் ஒலியாலேயே கடன்காரரை அடக்கும் கடைத்தெருக் கொற்றவை, ஊர்க்குழுவில் சேர்ந்து ஒன்பதாண்டாகியும் வால்பக்கமே வாய்த்த வஞ்சினத்தாள்.

"யோவ் ஒத்தோரினோ! வருஷா வருஷம் நீயேதானா? மூலை என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? நகருய்யா!"

"கொடி ஊருக்குச் சொந்தம், அர்மீதா. மூலை எனக்குச் சொந்தம்!"

"சமாதானமாப் போங்க, சமாதானமாப் போங்க," என்று இருவருக்கும் நடுவே புகுந்தார் குழுத்தலைவர் லெயாந்த்ரோ பாதிரியார். ஆறு கிலோமீட்டர் அதையே சொல்லித் தொண்டை கட்டிப்போய், கடைசியில், "எப்படியோ நாசமாப் போங்க!" என்று ஆசி கூறிப் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

வலிமையால் வெல்லாத இடத்தில் வஞ்சத்தால் வெல்லத் துணிந்தாள் மறத்தி. பூண்டும் மிளகும் மணக்கச் சுட்ட பன்றியிறைச்சியை இரண்டு கையாலும் பிடித்தாலன்றிச் சிதறிப்போகும் பெரிய ரொட்டிக்குள் திணித்து, "பசிக்கும், சாப்பிடு," என்று தேனொழுக நீட்டினாள். சூழ்ச்சி உணர்ந்த சூரரோ மூலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரொட்டியையும் மிச்சமின்றி உண்டு, ஏப்பமும் விட்டார். ஐயோ, அந்த ரொட்டிக்குப்பின் குடித்த ஒரு போத்தல் தண்ணீரே அவருக்குக் கூற்றாய் முடிந்தது! பஸ்தியா ஊர் எல்லையில், எழுபத்தொரு வயதின் அடிவயிறு அவசர ஓலை அனுப்ப, மானமா மூலையா என்று மயங்கி, மானமே பெரிதென்று அவர் ஓடினார். திரும்பி வந்தபோது ஊதா மூலை அர்மீதாவின் கையில் இருந்தது.

மூண்டது பெரும்போர்! பற்றினார் அவர், பற்றினாள் அவள். வலித்தார் அவர்; வலித்தாள் அவள். தோளோடு தோள் உரச, முழங்கை விலாவில் புக, பின்னே கொடி தாங்கிய இருபத்தெண்மரும் இடவலமாய்த் தள்ளாட, ஏழு நிறமும் ஒன்றையொன்று விழுங்கிக் கக்க, 'சமாதானம்' என்ற வெள்ளெழுத்து கசங்கிச் சுருண்டு முனக, சாலையோரத்தில் நின்றவரெல்லாம் இதுவும் நடையின் ஓர் அங்கமென்று எண்ணிக் கைதட்ட, மூலையில் தைத்திருந்த பித்தளை வளையம் பிய்ந்து ஒத்தோரினோவின் கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தம் சொட்டியது.

"அடக் கிறுக்கா! ஒரு மூலைக்கா இப்படி உயிரை விடுற?" என்று அலறினாள் அர்மீதா.

"படம் வரலேன்னா பையன் போன் பண்ணமாட்டான்," என்றார் அவர். ஊரில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்ட வெட்கத்தில் தரையைப் பார்த்தார்.

"யாரு, ஃபப்ரீஸியோவா? ஏன்யா, நீ கூப்பிட்டா கை முறிஞ்சிடுமா?"

"ஆறு வருஷமாச்சு அர்மீதா. என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

பன்றிகள் நூறாயிரம் கண்ட அந்தக் கண் கலங்கியது. கழுத்தில் கட்டியிருந்த கட்டம்போட்ட கைக்குட்டையை அவிழ்த்து விரலில் சுற்றி, பலகாரப் பொட்டலம்போல் இறுக முடிந்து, ஊதா மூலையை அவர் கையில் திணித்தாள். "இந்தா, பிடி. நிமிர்ந்து நில்லு. தொப்பையை உள்ள இழு. கொடியை நெஞ்சுக்கு நேரா நல்லாத் தூக்கு."

வந்தது திருப்பம்! மேலே மலையும் கோட்டையும் கோலம்கொண்டு நிற்க, கீழே தேவதைகளின் மாதா கோயிற் குவிமாடம் வெயிலில் மின்ன, கொடி முழுதும் விரிந்து வானம் பார்க்க, ஒத்தோரினோ நெஞ்சு நிமிர்த்தி, மீசை முறுக்கி, ப்ரெஷியா இருக்கும் திசையென்று தாம் நம்பிய திசையில் முகம் வைத்தார்.

"பெரியவரே, தலை கொடியை மறைக்குது! கொஞ்சம் குனிஞ்சுக்குங்க!" என்று கத்தினார் படக்காரர்.

அவர் குனியவில்லை. "குனியும்யா, உம்மால சமாதானம் தெரியல!" என்று பின்னாலிருந்து கர்ஜித்தார் பாதிரியார். முப்பது பேரின் கூச்சலுக்கு அஞ்சிய மாவீரர் அரை நொடி குனிந்தார். தைலம் கமழும் முழங்கால் அந்த அரை நொடியில் பூட்டிக்கொண்டது. அர்மீதா அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியபோது படக்காரர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாளிதழில் மலை இருந்தது, கோட்டை இருந்தது, ஏழு நிறமும் எழுத்தும் பளிச்சென்று இருந்தன. ஊதா மூலையில் முகமில்லை, மீசையில்லை. கட்டம்போட்ட துணி சுற்றிய ஒரு கொழுத்த கட்டைவிரல் மட்டும் இருந்தது. அதைக் கண்ட ஒத்தோரினோ, கொடியிழந்த கோமான், படையிழந்த பார்த்திபன், காப்பி ஆறியதும் அறியாமல், தொலைபேசிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, காலைமுதல் அசையாது வீற்றிருந்தார். தாமே அழைத்தாலென்ன என்று மூன்றுமுறை கை நீட்டினார். மூன்றுமுறையும் வீறாப்பு அதை மடக்கியது. நண்பகல் கழிந்தது. நான்காம் முறை அவர் கை நீட்டியபோது மணி அடித்தது.

"அப்பா, கட்டைவிரல்ல என்ன காயம்?"