புரோட்டோவும் பொதுச் சட்டையும்

உங்கள் பேஸ்ட்டைத் திருடிவிட்டு, அதற்கு ஒரு கம்ப்யூட்டர் காரணமும் சொல்லும் ஆளோடு நீங்கள் குடியிருந்திருக்கிறீர்களா?

நான் இருந்தேன். கொரட்டூர் ஏரிப் பக்கம், இரண்டாவது மாடி, ஒரு ரூம், ஒரு பாத்ரூம். காலேஜ் முடித்து வேலை கிடைக்காத மூன்று பேர்: நான், செல்வின், புரோட்டோ. புரோட்டோவின் நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் திறக்கும் வெப்சைட்டையெல்லாம் ஆட்டிவைக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். அம்பத்தூரிலிருந்து ஆவடிவரை சலித்தாலும் அதை அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. அதனாலேயே அவனுக்கு வேலை கிடைக்கவில்லை.

பெயர் வந்த கதை பேஸ்ட்டில்தான் ஆரம்பம்.

"இன்னாடா, என் பேஸ்ட்ட அமுக்கினுகீற?"

"ஜாவாஸ்கிரிப்ட்ல எல்லாப் பொருளும் ஆப்ஜெக்ட்டு மச்சான். என் ஆப்ஜெக்ட்ல பேஸ்ட் இல்ல. தன்கிட்ட ஒண்ணு இல்லன்னா அதுக்கு மேல கீற ஆப்ஜெக்ட்ல போய்த் தேடணும். அதுக்குப் பேரு புரோட்டோடைப்பு."

"என்கிட்டயும் இல்லன்னா?"

"செல்வின் கிட்ட தேடுவேன்."

செல்வின் நாகர்கோவில்காரன். போர்வைக்குள்ளிருந்தே குரல் வந்தது. "லேய், எங்கிட்டயும் தீந்து போச்சுடே."

"அப்போ அன்டிஃபைன்டு. அப்டி ஒண்ணு எங்கயுமே கெடையாதுன்னு அர்த்தம். வெரலுதான்," என்று சொல்லிவிட்டு என் டியூபை இன்னொரு முறை அமுக்கினான்.

அவன் அப்பா பூந்தமல்லியில் ஒரு குடோன் சூப்பர்வைசர். போனில் அவர் கத்துவது ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்கும். ஒருநாள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஜாவாஸ்கிரிப்ட்ல 'திஸ்'னு ஒரு வார்த்த வருதே, அது இன்னான்னு கேட்டியே, இதான் மச்சான். கூப்புடுறவன வெச்சுதான் நான் யாருன்னே முடிவாவும். எங்கம்மா கூப்ட்டா கண்ணு. எங்கப்பா கூப்ட்டா தண்டம். கம்பெனிக்காரன் கூப்ட்டா..."

"அவன் எங்கடா உன்னக் கூப்ட்டான்?"

"அதான். யாரும் கூப்புடலன்னா அன்டிஃபைன்டு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மாசக் கடைசிக்குள் வேலை இல்லையென்றால் குடோனுக்கு வந்து பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

எந்த இன்டர்வியூவிலும் முதல் கேள்வி, கிளாஸ் என்றால் என்ன என்பதுதான். கிளாஸ் என்பது வீட்டின் பிளான், ஆப்ஜெக்ட் என்பது கட்டி முடித்த வீடு. நானும் செல்வினும் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்போம். புரோட்டோ மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். "சார், ஜாவாஸ்கிரிப்ட்ல கிளாஸ்ன்றது மேல அடிச்ச பெயிண்ட்டு சார். சொரண்டிப் பாத்தா உள்ள கீறது புரோட்டோடைப்புதான்!"

அவன் சொன்னது உண்மை. ஆனால் சுரண்டிப் பார்க்க எந்தக் கம்பெனிக்கும் நேரமில்லை. ஒன்பது இடத்தில் வெளியே அனுப்பினார்கள்.

எங்கள் மூவருக்கும் இன்டர்வியூ சட்டை ஒன்றே ஒன்று. வெளிர்நீலம். மூவரில் யாருக்குமே அளவு சரியில்லை என்பதால் சண்டை வரவில்லை. போட்டவன் துவைத்து, அயர்ன் பண்ணி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஒருமுறை செல்வின் அதைச் சொந்தக்காரன் கல்யாணத்துக்குப் போட்டுப்போய் பிரியாணிக் கறையோடு திரும்பினான். புரோட்டோவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"உன் சட்டைல மட்டுமாடா கொட்ன? என் சட்டைலயும் கொட்ன, அவன் சட்டைலயும் கொட்ன. மூணு பேரு சொந்தம் கொண்டாடுனாலும் ஆப்ஜெக்ட் ஒண்ணுதான். எவன் கை வெச்சாலும் எல்லாருக்கும் மாறிடும்."

மாசத்தின் கடைசி வாரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி எங்கள் இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டது. அவனுக்குப் பத்து மணி, எனக்குப் பன்னிரண்டு. பிளான் சிம்பிள். அவன் முடித்துவிட்டு வந்ததும் கீழே டாய்லெட்டில் சட்டை மாற்றிக்கொள்வது. நான் மஞ்சள் டைனோசர் போட்ட டி-ஷர்ட்டில் காத்திருந்தேன்.

பதினொன்றாகியும் ஆள் இல்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மச்சான், உள்ள கீற ஆளு சொரண்டிப் பாத்தாருடா! நான் சொன்னதுதான் கரெக்ட்டாம். மேனேஜர் ரவுண்டு பன்னெண்டுக்கு." சொல்லிக்கொண்டே பட்டனைக் கழற்ற ஆரம்பித்தான்.

"டேய் லூசு, அப்போ சட்ட உனக்குத்தான்டா வேணும்!"

"எனக்கு ஒரு ரவுண்டு முடிஞ்சிச்சு. நீ இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல. கழட்டு டைனோசர."

சட்டை முதுகில் அவன் வியர்வை ஈரமாக ஒட்டியது. நான் உள்ளே போய், கிளாஸ் என்பது வீட்டின் பிளான் என்று ஒப்பித்தேன். சாயங்காலமே எனக்கு வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "உனக்கு இன்னாடா ஆச்சு?"

"அதே கிளாஸ் கேள்வி மச்சான். வாய வெச்சினு சும்மா இல்லாம பெயிண்ட்டுன்னுட்டேன். வுடு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டு நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்விட்டான். நான் வேலையில் சேர்ந்த வாரம், எச்.ஆர். பெண்ணிடம் அவனைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அந்த டைனோசர் டி-ஷர்ட் பையனா? அவன மேனேஜர் உக்காரவே விடல. டிரெஸ்ஸப் பாத்து வாசல்லயே அனுப்பிட்டாரு."

இன்றுவரை இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் சொன்னதில்லை. போன் பண்ணினால், பின்னால் பெட்டிகள் உருளும் சத்தத்தில், "சொல்லு மச்சான்," என்கிறான். ஸ்டிக்கர் ஒட்டும் வேலைதான்.

நான் இப்போது காட்டுப்பாக்கத்தில் தனி ரூம், தனி பாத்ரூம். பேஸ்ட் வாங்கி இரண்டு மாசமாகிறது. இன்னும் பாதிகூடத் தீரவில்லை.