நாவல் மரத்தில் இலுப்பைப் பூ

மரங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அட்டென்ஷன் சார். வேப்பங்கன்று எது, புங்கங்கன்று எது என்று தெரியாமலேயே எடுத்தார் என்பது இதில் விசேஷம்.

குடவாசல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் எங்களுக்கு டிரில் வாத்தியார். நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குடும்பம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் அதைத் தேடிப் போனதில்லை. ஒருநாள் மைதானத்தில் நுழைந்த மாட்டைப் பார்த்து "அட்டென்ஷன்" என்றார். அது நின்றது. அன்றிலிருந்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்போது ஊரில் எல்லாமே குழப்பம். சுவரின் ஒரு பாதியில் புது ஆட்சியின் கருப்பு சிவப்பு, மறு பாதியில் செங்கொடி. யார் வயலில் யார் கதிர் அறுப்பது என்று தினம் ஒரு தகராறு. சும்மா கிடக்கிற இடத்தில் யாராவது கொடி நட்டுவிடுவார்களோ என்று எங்கள் ஊர் மிராசுதாருக்குப் பயம். தன் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்த மைதானம் தரிசாகத்தான் கிடக்கிறது, திருப்பிக் கொடுங்கள், உழுதுகொள்கிறேன் என்று தாலுகா ஆபீசில் மனுப் போட்டார். எங்கள் பக்கம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மைதானம் போனால் டிரில் எங்கே? டிரில் போனால் டிரில் வாத்தியார் எதற்கு? பிள்ளைக்கு ஒரு மரம் நட்டு, இடம் பள்ளிக்கூடத்தின் உபயோகத்தில் இருக்கிறது என்று காட்டிவிடலாம் என்றார் தலைமையாசிரியர். பொறுப்பு சாரின் தலையில் விழுந்தது.

ஆற்றங்கரையில் தானாக முளைத்த நாவல், புங்கு, வேம்பு, இலுப்பைக் கன்றுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். எப்படி நடுவது என்று கடற்கரைக்காரருக்குத் தெரியவில்லை. எங்களைக் கேட்டார். தஞ்சாவூர் ஜில்லாப் பிள்ளைகளிடம் நடவு பற்றிக் கேட்டால் என்ன ஆகும்? வாய்க்காலைத் திருப்பி மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினோம். சேறடித்தோம். சாண் இடைவெளியில் நாற்று மாதிரி வரிசையாக நட்டோம். பெண்பிள்ளைகள் குலவைகூடப் போட்டார்கள். சாருக்கு ஒரே ஒரு குறை. டிரில் வரிசைக்குக் கைநீள இடைவெளி வேண்டும் என்று எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட வைத்தார்.

மறுநாளிலிருந்து அட்டெண்டன்ஸ். கன்றின் பெயர் தெரியாததால் பிள்ளையின் நம்பரே கன்றுக்கும். அவர் நம்பர் சொல்ல, கன்றுக்குப் பதிலாக நாங்கள் "பிரசன்ட் சார்" சொல்ல வேண்டும். நான் பதினேழு. என் கன்று நாவல்.

முழுப் பரீட்சை லீவு முடிந்து வந்து பார்த்தால் என் நாவலுக்கு இலை வேறு மாதிரி இருந்தது. அப்பா தபால் இலாகா. ஊர் ஊராக மாற்றலில் வளர்ந்த எனக்கு மரம் மட்டை தெரியாது. வயல் வேலைக் குடும்பத்துச் செல்விதான் பார்த்துவிட்டு, இது புங்கு என்றாள். சாரிடம் ஓடினேன்.

"பால் பல்லு விழுந்து வேற பல்லு முளைக்கல உனக்கு? மரத்துக்கும் அப்படித்தான்டா. போய் நில்லு."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வருஷம் புங்கு இலுப்பையாகிவிட்டது என்று செல்வி சொன்னபோது சாரைக் கேட்கவே இல்லை. கடைவாய்ப்பல் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். கூடவே மிராசுதாரின் காரியஸ்தர். சார் விசில் ஊத, அவரவர் மரத்தடியில் நின்றோம். காரியஸ்தர் நேராக என்னிடம் வந்து என்ன மரம் என்று கேட்டார். பல் மாறினாலும் பிள்ளை அதேதானே என்று, நாவல் என்றேன்.

"இது இலுப்பை. பார்த்தீங்களா சார்? நட்டவனுக்கே தெரியல. போன வாரம் கொண்டாந்து வெச்சிருக்காங்க."

செல்வி எனக்கு உதவ வந்தாள். "நான் நட்டது வேம்புங்க. இப்ப இருக்கறது புங்கு" என்று தெளிவாகச் சொன்னாள். இருந்த மானமும் போயிற்று. ஒரே வார்த்தையில் மைதானத்தைத் தோற்றுவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

சார் இன்ஸ்பெக்டர் முன்னால் போய்த் தானே அட்டென்ஷனில் நின்றார்.

"புள்ளைங்க பொய் சொல்லலைங்க. சேத்துல நட்டதுல வேரழுகிச் செத்துச் செத்துப் போச்சு. எந்தப் புள்ளையும் ஆப்சென்ட் ஆயிடக்கூடாதுன்னு நாந்தான் மாத்தி மாத்தி வெச்சேன். எது என்ன மரம்னு எனக்குத் தெரியாதுங்க."

அட்டெண்டன்ஸ் நோட்டை நீட்டினார். இன்ஸ்பெக்டர் இரண்டு வருஷப் பக்கங்களையும் புரட்டினார். செத்த மரத்துக்கெல்லாம் பிரசன்ட் போட்ட பொய்க் கணக்கு இது என்று காரியஸ்தர் குதித்தார். இன்ஸ்பெக்டரின் விரல், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமையிலும் இருந்த சாரின் கையெழுத்தில் நின்றது.

"தரிசு நிலத்துக்கு யாருங்க ஞாயித்துக்கிழமை வருவாங்க?" என்று காரியஸ்தரைக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூட உபயோகம் என்று எழுதிக்கொண்டார்.

மைதானம் பிழைத்தது. டிரில்தான் பிழைக்கவில்லை. கைநீள இடைவெளியில் மரம் வளர்ந்தால் கைகாலை எங்கே வீசுவது? சார் இதை யோசித்திருக்கவே இல்லை. ரிடையராகும் வரை எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளை மரத்துக்கு மரம் கண்ணாமூச்சி ஆடவிட்டு, அதையே டிரில் என்று நடத்தினாராம்.

சார் காலமான பிறகு, இந்தப் பங்குனியில் அங்கே போயிருந்தேன். பதினேழாம் நம்பர் மரத்தடியில் தரையெல்லாம் இலுப்பைப் பூ. பொறுக்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் அது நான் நட்ட நாவல் மரம் என்றேன். கையிலிருந்த பூவையும் என்னையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மரத்துக்கு வேறு பெயர் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.